பாய்காட் என்ற சொல் பிறந்த கிராமம்

(ஆலைத் தொழிலாளரும் விவசாயத் தொழிலாளரும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)

தோழர்களே!

‘பாய்காட்’ என்ற சொல்லை அறியாதவர் இந்தக் கூட்டத்தில் ஒருவரும் இருக்க மாட்டார். சபையைப் பாய்காட் செய்தார்கள், தேர்தலைப் பாய்காட் செய்தார்கள் என்று பத்திரிகையில் படிக்கிறோம். காண்டீனில் சோறு வேகவில்லை என்றால் காண்டீனைப் பாய்காட் செய்கிறோம். எழுதப் படிக்கத் தெரியாத கிழவியும் இந்தச் சொல்லைச் சொல்கிறாள். ஆனால் இந்தச் சொல் எங்கே பிறந்தது, யார் பெற்ற பிள்ளை என்று கேட்டால் நம்மில் பலர் திகைத்துப் போவோம்.

இது ஒரு மனிதனின் பெயர். அந்த மனிதன் ஒரு நிலப்பிரபுவின் காரியஸ்தன். அவன் பெயரை உலகத்துக்கே சொல்லாக்கிக் கொடுத்தவர்கள் அயர்லாந்து தேசத்தில் ஒரு சின்னஞ்சிறு கிராமத்து ஏழைக் குடியானவர்களும் கூலியாட்களும். அந்தக் கிராமத்தின் பெயர் நீல். அதன் கதையைத்தான் இன்று பேசப் போகிறோம். வேடிக்கைக் கதையாக அல்ல. அந்தப் போராட்டத்தில் முன்னால் நின்றவன் யார், பலன் வந்தபோது பின்னால் தள்ளப்பட்டவன் யார் என்ற கேள்வி நமக்கும் உள்ள கேள்வி. அதற்காகவே பேசுகிறோம்.

கல்லும் மழையும்

அயர்லாந்தின் மேற்குக் கோடியில் மேயோ என்று ஒரு ஜில்லா. அதன் தென்புறத்தில், மாஸ்க் என்ற பெரிய ஏரிக்குக் கிழக்கே, பாலின்ரோபு என்ற சிறு பட்டணத்துக்குச் சில மைல் தூரத்தில் இருக்கிறது நீல். சுண்ணாம்புக்கல் பூமி. மண்வெட்டி போட்டால் கல் தட்டும். வயலில் பொறுக்கிய கல்லையே சாந்து இல்லாமல் அடுக்கி வரப்புச் சுவராக நிறுத்தியிருப்பார்கள். வருஷத்தில் பாதி நாள் மழை. ஓட்ஸ் தானியம், உருளைக்கிழங்கு, புல்வெளி, சில ஆடு மாடு, இவ்வளவுதான் வாழ்க்கை.

அந்த ஊரில் 18ஆம் நூற்றாண்டில் ஒரு ஜமீன் குடும்பம் படிப்படியாகக் கல்லால் ஒரு பிரமிடு கட்டி வைத்தது. எகிப்தில் ராஜாவைப் புதைக்கக் கட்டினார்கள். இங்கே பங்களாவின் அழகுக்காகக் கட்டினார்கள்! பக்கத்திலேயே குடியானவன் மண்ணும் கல்லும் வைத்துக் கட்டிய ஒற்றை அறைக் குடிசையில் பிள்ளைகளோடும் பன்றியோடும் படுத்துக் கிடந்தான். ஒரே ஊர்க் கல்தான். ஒருவனுக்குப் பொம்மைக் கோபுரம் ஆயிற்று, இன்னொருவனுக்கு ஒழுகும் சுவர் ஆயிற்று.

1870க்களில் அயர்லாந்து நாட்டு நிலத்தில் ஏறக்குறையப் பாதி சுமார் 750 குடும்பங்களின் கையில் இருந்தது. உழுதவனுக்குச் சொந்தமாக ஒரு சாண் இல்லை. பெரும்பாலோர் வருஷக் குத்தகைதாரர்கள். மே மாதம் ஒரு தவணை, நவம்பர் மாதம் ஒரு தவணை. கல்லைப் பொறுக்கி, சேற்றை வடித்து, எரு போட்டு நிலத்தைத் திருத்தினால் குத்தகை உயரும். திருத்தாமல் விட்டால் வயிறு காயும். பாடுபட்டால் தண்டனை, படாவிட்டால் பட்டினி. இந்தக் கணக்கை நாம் யாருக்கும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

1845இல் உருளைக்கிழங்கில் அழுகல் நோய் விழுந்தது. அடுத்து வந்த வருஷங்களில் பஞ்சத்திலும் காய்ச்சலிலும் சுமார் 10 லட்சம் பேர் மாண்டார்கள். இன்னொரு 10 லட்சம் பேர் கப்பலேறிப் போனார்கள். மேயோ ஜில்லாவில் மட்டும் 1841இல் 3,88,000 பேர் இருந்தார்கள். 1851இல் எண்ணியபோது 2,74,000 பேர்தான் மிச்சம். நாட்டில் தானியமே இல்லாமல் நேர்ந்த சாவு அல்ல இது. மக்கள் சாகச் சாக, தானியமும் கால்நடையும் துறைமுகம் வழியாக இங்கிலாந்துக்குப் போய்க்கொண்டிருந்தன. குத்தகை கட்ட முடியாதவனைச் சர்க்கார் படையின் துணையோடு வீட்டை விட்டு வெளியே இழுத்துப் போட்டுக் கூரையை இடித்தார்கள்.

ஒரு கையை இழந்த ஆலைச் சிறுவன்

அப்படி வெளியே தள்ளப்பட்ட குடும்பங்களில் ஒன்று மேயோ ஜில்லா ஸ்ட்ரெயிட் கிராமத்துக் குடும்பம். 1850இல் அது தெருவுக்கு வந்தது. அதில் நாலு வயதுப் பையன் ஒருவன். பெயர் மைக்கேல் டேவிட். குடும்பம் பிழைப்புத் தேடி இங்கிலாந்தின் லங்காஷயருக்குப் போயிற்று. பையன் பஞ்சாலையில் வேலைக்குச் சேர்ந்தான். 1857இல், பதினோரு வயதில், இயந்திரத்தின் பல்சக்கரம் அவன் வலது கையைக் கவ்வியது. கையை வெட்டி எடுத்தார்கள். நஷ்டஈடு ஒரு காசு கிடைக்கவில்லை.

ஆலைத் தொழிலாளிகளே, கவனியுங்கள்! நிலத்தைப் பிடுங்கியதும் நிலப்பிரபுத்துவம், கையைப் பிடுங்கியதும் ஆலை. இரண்டுக்கும் பலியான அந்த ஒற்றைக் கை மனிதன்தான் பின்னாளில் அயர்லாந்துக் குடியானவர்களைத் திரட்டினான்.

1879ஆம் வருஷம் கோடை முழுவதும் மழை. கிழங்கு மறுபடி அழுகியது. அமெரிக்கத் தானியம் கப்பலில் வந்து குவிந்து விலையை விழுத்தாட்டியது. அறுப்புக் காலத்தில் இங்கிலாந்துக்கும் ஸ்காட்லாந்துக்கும் கூலிக்குப் போய் நாலு காசு கொண்டு வருவது மேயோ மக்களின் வழக்கம். அந்த வேலையும் அருகிப் போயிற்று. குத்தகை மட்டும் குறையவில்லை. அந்த வருஷம் ஏப்ரல் 20ஆம் தேதி மேயோவில் ஐரிஷ்டவுன் என்ற ஊரில் ஆயிரக்கணக்கான குடியானவர்கள் கூடினார்கள். அக்டோபர் 21ஆம் தேதி அயர்லாந்து தேசிய நிலச் சங்கம் பிறந்தது. தலைவர் சார்லஸ் பார்னெல். காரியதரிசிகளில் ஒருவர் மைக்கேல் டேவிட்.

காரியஸ்தன் பாய்காட்

நீல் சுற்றுவட்டாரத்தில் எர்ன் பிரபுவுக்கு நிலம் இருந்தது. அவருக்கு அயர்லாந்து முழுவதிலும் சுமார் 40,000 ஏக்கர். அதில் மேயோவில் உள்ளது இரண்டாயிரம் ஏக்கர் சொச்சம். பிரபு வாழ்ந்ததோ வடக்கே பெர்மனா ஜில்லாவில், ஏரிக்கரை அரண்மனையில். நீல் குடியானவர்களின் முகம் பிரபுவுக்குத் தெரிய வேண்டிய அவசியம் இல்லை. அவர்கள் முகத்தைப் பார்க்க ஒரு காரியஸ்தன் இருந்தான். அவன்தான் இங்கிலாந்தில் 1832இல் பிறந்த, சிலகாலம் பட்டாளத்தில் இருந்த, ‘காப்டன்’ என்று அழைக்கப்பட்ட சார்லஸ் பாய்காட். மாஸ்க் ஏரிக்கரையில் பங்களா. தானே அறுநூறு ஏக்கருக்கு மேல் குத்தகைக்கு எடுத்துக் கூலியாட்களை வைத்துப் பயிர் செய்தான். அதோடு முப்பத்தைந்து நாற்பது குத்தகைதாரர்களிடம் பிரபுவுக்காகக் குத்தகை வசூல்.

அவன் ராட்சஸன் அல்ல. அவனைவிடக் கொடியவர்கள் அயர்லாந்தில் இருந்தார்கள். ஆனால் சிறு உரிமைகளைக்கூட விடமாட்டான். குடியானவனின் கோழி அவன் நிலத்தில் கால் வைத்தால் அபராதம். வாசல் கதவைச் சாத்தாமல் போனால் அபராதம். பெரிய கொடுமையை ஜனங்கள் விதி என்று பொறுத்துக்கொள்வதுண்டு; தினசரி அவமானம்தான் நெஞ்சில் முள்ளாகத் தைக்கும்.

1880இல் விளைச்சல் மோசம். பிரபு குத்தகையில் நூற்றுக்குப் பத்து தள்ளுபடி தருவதாகச் சொன்னார். குத்தகைதாரர்கள் நூற்றுக்கு இருபத்தைந்து கேட்டார்கள். பிரபு மறுத்தார். பதினோரு குத்தகைதாரர்களை வெளியேற்ற நோட்டீசு தயாரானது.

அதற்குச் சில நாள் முன்பு, செப்டம்பர் 19ஆம் தேதி, என்னிஸ் என்ற ஊரில் பார்னெல் ஒரு பெரிய கூட்டத்தில் பேசினார். அடுத்தவனை விரட்டிய நிலத்தைக் குத்தகைக்கு எடுப்பவனை என்ன செய்வது என்று கேட்டார். கூட்டத்திலிருந்து ‘சுட வேண்டும்’ என்று குரல் வந்தது. அதைவிட நல்ல வழி உண்டு என்று பார்னெல் விளக்கினார்: சாலையில், கடையில், சந்தையில், கோயிலில் கூட அவனோடு யாரும் பேசாதீர்கள்; அவனைத் தனியே விட்டுவிடுங்கள். நிலத்தை அபகரிப்பவனுக்குச் சொன்ன அந்த வழியைக் காரியஸ்தன் மேலேயே பிரயோகித்துக் காட்டியது நீல்.

பெண்கள் தொடங்கினார்கள்

செப்டம்பர் 22ஆம் தேதி நோட்டீசு கொடுக்கக் கோர்ட்டு ஆள் வந்தான். பின்னால் பதினேழு போலீஸ்காரர்கள். மூன்று வீடுகளில் நோட்டீசு கொடுத்தாயிற்று. அடுத்த வீட்டில் இருந்த பெண் வாங்க மறுத்துவிட்டு, ஒரு சிவப்புத் துணியை எடுத்து வீசினாள். அது அடையாளக் கொடி. அதைக் கண்டதும் சுற்றிலும் இருந்த பெண்கள் ஓடி வந்தார்கள். கல், சேறு, சாணம், கைக்கு அகப்பட்டதெல்லாம் பறந்தது. கோர்ட்டு ஆளும் போலீசும் காரியஸ்தன் பங்களாவுக்கு ஓடினார்கள். மறுநாளும் வந்தார்கள்; மறுநாளும் அதே மரியாதைதான்.

அதன் பின் ஜனங்கள் பங்களாவுக்குப் போய் அங்கிருந்த வேலைக்காரர்களையும் வயல் கூலிகளையும் வெளியே வரும்படி கேட்டார்கள். அவர்கள் வந்தார்கள். குதிரைக்கு லாடம் அடிக்கக் கொல்லன் மறுத்தான். துணி வெளுக்க ஆள் இல்லை. பாலின்ரோபு கடைகளில் சாமான் கிடைக்கவில்லை. தபால் கொண்டு வருவதும் நின்றது. அறுநூறு ஏக்கர் பண்ணையில் ஓட்ஸ் கதிர் சாய்ந்து நின்றது. கிழங்கு மண்ணுக்குள் கிடந்தது. காரியஸ்தனும் குடும்பத்தாரும் தாங்களே மாட்டுக்குத் தீனி வைக்க வேண்டியதாயிற்று.

எல்லோரும் மனமுவந்து வந்தார்களா? சிலர் ஊருக்குப் பயந்தும் வந்திருப்பார்கள். தன் ஆட்கள் மிரட்டப்பட்டார்கள் என்று பாய்காட் லண்டன் டைம்ஸ் பத்திரிகைக்குக் கடிதம் எழுதினான். இதை மறைத்துப் பேச வேண்டியதில்லை. ஆனால் ஒன்று யோசியுங்கள். பயம் ஒருவனை ஒரு நாள் வேலைக்குப் போகாமல் நிறுத்தலாம். இரண்டு மாதம், அறுப்புக் கூலி கண்ணெதிரே போகும்போது, ஒரு ஊரையே வரப்பில் நிறுத்திவைக்கப் பயம் மட்டும் போதாது.

ஊரின் பாதிரியார் ஜான் ஓமாலி குடியானவர் பக்கம் நின்றார். அமெரிக்கப் பத்திரிகையாளர் ஜேம்ஸ் ரெட்பாத் எழுதி வைத்த செய்தி இது: இப்படி ஒருவனை விலக்கி வைப்பதற்கு ஒரு பெயர் வேண்டும், ஆங்கிலத்தில் உள்ள சொல் கடுமையாக இருக்கிறது, குடியானவர் வாயில் நுழையாது என்று இருவரும் யோசித்தார்களாம். பாதிரியார், ‘பாய்காட் செய்வது’ என்றே வைத்துவிட்டால் என்ன என்றாராம். அந்த வருஷம் முடிவதற்குள் ஆங்கிலப் பத்திரிகைகள் அந்தச் சொல்லைச் சரளமாக எழுதின. பின்பு பிரெஞ்சு, ஜெர்மன், ருஷ்ய பாஷைகளிலும் அது குடியேறியது.

ஐந்நூறு பவுன் பயிர், பத்தாயிரம் பவுன் செலவு

கடிதத்தைப் படித்த சீமான்கள் கொதித்தார்கள். நிதி திரட்டினார்கள். வடக்கே அல்ஸ்டர் பிரதேசத்திலிருந்து நூற்றுக்கணக்கில் ஆயுதம் தாங்கிய ஆட்களை அனுப்புகிறோம் என்றார்கள். கலவரம் மூளும் என்று பயந்த சர்க்கார் ஐம்பது பேருக்குத்தான் அனுமதி கொடுத்தது. காவன், மோனகன் ஜில்லாக்களிலிருந்து ஐம்பது கருங்காலிகள் ரயிலேறி வந்தார்கள். அவர்களுக்குக் காவலாகக் குதிரைப்படையும் காலாட்படையுமாகச் சுமார் 900 சிப்பாய்கள். போதாததற்கு நூற்றுக்கணக்கான போலீசார். நவம்பர் 12ஆம் தேதி பண்ணைக்கு வந்து கூடாரம் அடித்தார்கள்.

ஐம்பது பேர் கிழங்கு தோண்ட, ஆயிரம் பேர் துப்பாக்கி பிடித்து நின்ற காட்சியைக் கற்பனை செய்யுங்கள்! கொட்டும் மழை. சேறு. சிப்பாய்கள் காரியஸ்தனுடைய ஆட்டையே அடித்துத் தின்றார்கள். அவனுடைய மரத்தையே வெட்டிக் குளிர்காய்ந்தார்கள். தானியத்தையும் கிழங்கையும் எடுத்து முடிக்க இரண்டு வாரம் ஆயிற்று. பயிரின் மதிப்பு 500 பவுனுக்கு உட்பட்டது. செலவோ 10,000 பவுன் என்று கணக்கிட்டார்கள். இருபது ரூபாய் செலவழித்து ஒரு ரூபாய்க்குக் கிழங்கு வாங்கிய கதை!

இந்த இரண்டு வாரத்தில் நீல் மக்கள் என்ன செய்தார்கள்? ஒன்றும் செய்யவில்லை. அதுதான் அவர்களுடைய திறமை. கைகலப்பு ஏற்படாதா, சுடச் சந்தர்ப்பம் கிடைக்காதா என்று படை காத்திருந்தது. அந்த வருஷத்தில் அதே வட்டாரத்தில் கொலையும் தீவைப்பும் நடக்காமல் இல்லை. ஆனால் நீலில் பாதிரியாரும் சங்கத்தாரும் ஜனங்களை அடக்கி வைத்தார்கள். கூச்சல் போட்டார்கள், பரிகாசம் செய்தார்கள், வழியைவிட்டு ஒதுங்கினார்கள். ஆயிரம் துப்பாக்கிக்குக் குறி வைக்க ஒரு ஆள் அகப்படவில்லை.

நவம்பர் 27ஆம் தேதி படை போயிற்று. பாய்காட்டும் குடும்பத்தோடு போனான். வண்டி ஓட்ட அந்த வட்டாரத்தில் ஆள் இல்லை. ராணுவ ஆம்புலன்ஸ் வண்டியில் ஏறிப் போனான். டப்ளின் நகரத்து ஓட்டல்காரனும் இடம் தரப் பயந்தான். டிசம்பர் 1ஆம் தேதி இங்கிலாந்துக்குக் கப்பலேறினான். மறு வருஷம் திரும்பி வந்து சில காலம் இருந்தான், 1886இல் அந்த வேலையை விட்டே போனான், 1897இல் இறந்தான். அவன் போனான், அவன் பெயர் மட்டும் தங்கிவிட்டது.

ஒரே ஆயுதம், இரண்டு கைகள்

தோழர்களே, ஊர் விலக்கு என்பது நமக்குப் புதிதல்ல. கூலி கூட்டிக் கேட்ட சேரி மக்களுக்குக் கிணற்றை மூடுவது, கடையில் உப்புக் கொடுக்காதே என்று கட்டுப்பாடு போடுவது, வேலைக்குக் கூப்பிடாதே என்று பண்ணையார்கள் கூடிப் பேசுவது, இதெல்லாம் நம் கிராமங்கள் கண்ட கொடுமை. அங்கே வலுத்தவன் எளியவனை விலக்குகிறான். அதே ஆயுதத்தை எளியவன் கையில் எடுத்து வலுத்தவன் பக்கம் திருப்பியதுதான் நீலின் புதுமை. ஆயுதம் ஒன்றே, யார் கையில், யார் மேல் என்பதுதான் கேள்வி. ஆகவே பாய்காட் என்றாலே நியாயம் என்று யாரும் எண்ண வேண்டாம். எளியவன் மேல் வீசப்படும்போது அது அநியாயமே.

அந்த நல்ல கருத்து கடல் கடந்தது. 1905இல் வங்காளப் பிரிவினையை எதிர்த்து அந்நியச் சாமான் பகிஷ்காரம் எழுந்தது. 1906இல் தூத்துக்குடியில் வ. உ. சிதம்பரம் பிள்ளை சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கினார். 1908இல் அதே ஊரில் கோரல் மில் தொழிலாளிகள் வேலைநிறுத்தம் செய்து கூலி உயர்வு பெற்றார்கள். நீல் கிராமத்துச் சொல் நம் ஊர்ச் சொல்லாக ஆன வரலாறு இது.

கடைசியில் நின்றவன்

இனிமேல்தான் நாம் முக்கியமாகச் சொல்ல வந்தது.

போராட்டம் வீண் போகவில்லை. 1881இல் அடக்குமுறைச் சட்டம் வந்தது, டேவிட்டைப் பிடித்துச் சிறையில் போட்டார்கள், பார்னெலையும் போட்டார்கள், நிலச் சங்கத்தைத் தடை செய்தார்கள். பெண்கள் தனிச் சங்கம் கட்டி வேலையை நடத்தினார்கள். ஆனால் அதே 1881இல் சர்க்கார் நிலச் சட்டத்தையும் கொண்டுவர வேண்டியதாயிற்று. நியாயக் குத்தகையைக் கோர்ட்டு நிர்ணயிக்கும், குத்தகையைச் செலுத்தும் வரை வெளியேற்ற முடியாது என்று அது சொன்னது. 1903இல் இன்னொரு சட்டம். சர்க்கார் கடன் கொடுத்தது. குத்தகைதாரன் நிலத்தையே வாங்கி அறுபத்தெட்டரை வருஷத்தில் அடைத்தான். பிரபுக்கள் கைநிறையப் பணத்தோடு விலகினார்கள். குத்தகைதாரர் சொந்தக்காரர் ஆனார்கள்.

கூலியாள்?

1880 செப்டம்பரில் பண்ணையை விட்டு வெளியே வந்தவனை நினைத்துப் பாருங்கள். குத்தகைதாரன் போராடியபோது அவனுக்குக் காலூன்ற ஒரு துண்டு நிலம் இருந்தது. அறுப்புக் கூலியை நம்பியிருந்தவனுக்கு என்ன இருந்தது? அவன் அரிவாளைக் கீழே வைத்ததால்தான் கதிர் சாய்ந்தது. கொல்லன் சுத்தியலை வைத்ததால்தான் குதிரை நின்றது. ஆனால் 1881ஆம் வருஷச் சட்டம் நியாயக் குத்தகை பேசியது. நியாயக் கூலி பேசவில்லை. நிலமே இல்லாதவனுக்கு அந்தச் சட்டம் நிலம் தரவில்லை. 1883இல்தான் அவனுக்கென்று முதல் சட்டம் வந்தது: ஒரு சிறு வீடு, பக்கத்தில் அரை ஏக்கர். அதுவும் மெல்ல மெல்ல நடந்தது. முதல் உலக யுத்தம் முடிந்த சில வருஷத்துக்குள் நாடு முழுவதும் 40,000க்கு மேற்பட்ட வீடுகள் எழும்பின. நல்ல காரியம்தான். ஆனால் உழவனுக்குப் பண்ணை, கூலிக்குக் குடிசை என்றுதான் பங்கு பிரிந்தது. மிச்சப் பேர் கப்பலேறினார்கள்.

நிலம் பெற்றவன் வீட்டிலும் மூத்த பிள்ளைக்கு நிலம், இளையவர்களுக்கு டிக்கெட். மேயோ ஜில்லா ஜனத்தொகை 1901இல் 1,99,000. 1971இல் 1,10,000க்கும் கீழே போயிற்று. நிலத்துக்காகப் போராடிய ஜில்லா ஆளில்லாமல் காலியாயிற்று. டேவிட் இதை முன்பே உணர்ந்தவர். பிரபுவின் நிலத்தைத் துண்டு துண்டாக்கித் தனிச் சொத்தாகக் கொடுத்தால் கூலியாளுக்கும் பட்டணத் தொழிலாளிக்கும் ஒன்றும் மிஞ்சாது, நிலம் பொதுச் சொத்தாக வேண்டும் என்று 1882 முதல் வாதாடினார். ஆலையில் கையை இழந்தவருக்கு அது தெரிந்தது. சங்கத்தின் பெரிய தலைவர்கள் அதை ஏற்கவில்லை.

இன்னொன்றையும் மறக்க வேண்டாம். கருங்காலிகளாக வந்த ஐம்பது பேர் யார்? பிரபுக்களின் பிள்ளைகள் அல்ல. வடக்கு ஜில்லாக்களிலும் பிரபுக்கள் இருந்தார்கள், குத்தகை இருந்தது. எர்ன் பிரபுவின் நிலத்தில் பெரும்பகுதி அங்கேதான். நீயும் புராடெஸ்டண்ட், காரியஸ்தனும் புராடெஸ்டண்ட் என்று சொல்லி அவர்களை அனுப்பி வைத்தார்கள். மதத்தின் பெயரால் ஏழையை ஏழைக்கு எதிராக நிறுத்துவதற்குப் பத்தாயிரம் பவுன் தாராளமாகக் கிடைத்தது. குத்தகையில் நூற்றுக்குப் பதினைந்து கூடுதலாகத் தள்ளிக் கொடுக்க மட்டும் காசு இல்லை!

இன்று நீல் அமைதியான ஊர். கற்சுவர் அப்படியே நிற்கிறது. ஆடு மாடு மேய்கிறது. பிரமிடும் நிற்கிறது. பிரபுவுக்குக் குத்தகை கட்ட யாரும் வரிசையில் நிற்பதில்லை. அந்த அளவுக்கு அந்த மக்கள் வென்றார்கள், சந்தேகம் வேண்டாம்.

நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது இரண்டு. உழைப்பவன் கையைக் கட்டிக்கொண்டால் ஆயிரம் துப்பாக்கி சேர்ந்தாலும் ஒரு மூட்டைக் கிழங்கை லாபமாகத் தோண்ட முடியாது. இது முதல் பாடம். யார் கையைக் கட்டிக்கொண்டதால் வெற்றி வந்ததோ, அவனுடைய கூலியும் அவனுடைய வீட்டுமனையும் கோரிக்கை மனுவின் முதல் வரியிலேயே எழுதப்பட வேண்டும். வெற்றி வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று கடைசி வரிக்குத் தள்ளினால், கடைசி வரி எழுதப்படாமலே போகும். இது இரண்டாவது பாடம்.

முதல் பாடத்தை நீல் மக்கள் உலகத்துக்குக் கற்றுக் கொடுத்தார்கள். இரண்டாவது பாடத்தை அவர்களுடைய கூலியாட்கள் தங்கள் வயிற்றில் பட்டுக் கற்றார்கள். நாம் அதைக் காதால் கேட்டே கற்றுக்கொள்வோம், தோழர்களே!